நாலாவது போர் காயுது

"காயுதுன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்க ஐயா. நானும் காயுதுன்னுதான் எழுதியிருக்கேன்."

"எழுதிட்டு என்ன பண்ணின?"

"என்ன பண்ணணும்? சார்கிட்ட சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். இன்னிக்குக் காலையில முதல் வேலையா நாலைத்தான் பிரிக்கிறாங்க."

 போனின் அந்தப் பக்கத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ தள்ளுவண்டி உருட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சக்கரம் கீச்சென்று கத்திக்கொண்டே தூரமாகப் போனது.

"யாரு பிரிக்கிறது?"

"எங்கண்ணன்தான். வேற யாரு இருக்கா?"

"பொண்ணு, நான் சொல்றதை நிதானமாக் கேளு. நான் காயுதுன்னு சொன்னது கொடியில துணி காயுற மாதிரி இல்ல. உடம்பு காயுற மாதிரி."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும், கையிலிருந்த நீலப் பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினேன். ஏன் அப்போது அதைச் செய்தேன் என்று தெரியவில்லை. மை காய்ந்துவிடக் கூடாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

பேசியவர் எங்கள் யார்டின் போர்க்காரர். வைக்கோல் போர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. புதிதாக வரும் லாரிக்காரர்கள் அவரைப் பட்டாளத்தில் இருந்தவர் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நின்று பேசுவார்கள். அவரும் திருத்த மாட்டார். திருத்துவதற்கு வார்த்தை செலவாகுமே. ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று யாரோ அளந்து கொடுத்த மாதிரி பேசுகிறவர். வியாழக்கிழமை சாயங்காலம், கண் ஆபரேஷனுக்காகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது அவர் என்னிடம் சொன்னது மூன்றே வார்த்தை. "நாலாவது காயுது. பாத்துக்கோ."

அந்தக் கடைசி வார்த்தையை 'போயிட்டு வரேன்' என்பது போல எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

எங்கள் யார்டில் எட்டுப் போர்கள். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம், இரண்டு பஸ் நீளம். அறுவடை முடிந்த வயல்களில் முன்பெல்லாம் கொளுத்திவிடுகிற வைக்கோலைத்தான் இப்போது கட்டுக்கட்டாக அழுத்தி லாரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். பாதி பாய்லருக்குப் போய் ஆவியாகி, மின்சாரமாகி, ஊரின் தெருவிளக்குகள் வரைக்கும் போகிறது. மீதி பலகைப் பிரிவுக்குப் போகிறது. அங்கே அதைத் தூளாக்கி, பசை கலந்து, சூட்டோடு அழுத்திப் பலகையாக எடுப்பார்கள். என் மேஜை அந்தப் பலகை. நான் சாயும் சுவர், ஆபீஸ் கதவு, பேரேடு வைக்கும் அலமாரி எல்லாமே எப்போதோ யாருடைய வயலிலோ காற்றில் ஆடிக்கொண்டிருந்தவைதான். சில மத்தியானங்களில் மேஜைமேல் தலைவைத்துப் படுத்தால் அது இன்னும் லேசாக ஆடுவதுபோல எனக்குத் தோன்றும்.

என் வேலை கேட்டில். வரும் ஒவ்வொரு லாரியிலும் நீளமான ஊசி உள்ள ஒரு கருவியைக் கட்டுகளுக்குள் குத்தி, ஈரம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பேன். பதினைந்துக்குக் கீழே இருந்தால் உள்ளே விடுவேன். மேலே இருந்தால் திருப்பி அனுப்புவேன். அதனால் டிரைவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊசி டாக்டர். "டாக்டரம்மா, வண்டிக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று தினமும் யாராவது ஒருவன் சொல்லிவிட்டு, உலகத்திலேயே அதை முதலில் கண்டுபிடித்தவன் மாதிரி சிரிப்பான். காய்ச்சல் என்ற வார்த்தை அத்தனை தடவை என் காதில் விழுந்திருக்கிறது. விழுந்து என்ன?

போன மாதம் ஒரு வாரம் விடாமல் மழை. அந்த வாரத்தில் ஏழு லாரிகள் இருபத்திரண்டு சதவீதத்தில் வந்து நின்றன. நான் முடியாது என்றேன். மேலாளர் பாய்லர் பசியோடு இருக்கிறது என்றார். "உள்ள போட்டுடும்மா, வெயில் வந்தா காஞ்சிடும்." நான் அந்த ஏழையும் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த ஏழு லோடும் போய் உட்கார்ந்தது நாலாவது போரின் நடுவயிற்றில். அன்றிலிருந்து தினமும் காலையில் போர்க்காரரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, நாலு காஞ்சிடுச்சா?" அவர் தினமும் தலையை ஆட்டி இல்லை என்பார். அதனால் வியாழக்கிழமை அவர் "காயுது" என்றபோது, மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். சிவப்பு மைக்குக் கீழே நீல மையில் அழகாக எழுதினேன். 'நான்காவது போர்: காய்கிறது.' எழுதியதை ஒரு தடவை ரசிக்கக்கூடச் செய்தேன்.

அதற்கப்புறம் நாலு நாள். உள்சூடு பார்ப்பதற்காகப் போரில் சொருகியிருக்கும் இரும்புக் கம்பியை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. காயுதுன்னு எழுதியாயிற்றே, எதற்குத் தொட வேண்டும்?

"அவன் வண்டியில இருக்கானா, மேல இருக்கானா?" என்றார் போர்க்காரர்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லோடர் வண்டி தன் இரண்டு இரும்புக் கொம்பையும் தரையில் ஊன்றிக்கொண்டு நாலாவது போருக்குப் பக்கத்தில் நின்றது. சீட்டில் ஆள் இல்லை. அண்ணனின் சாப்பாட்டுப் பை மட்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே தார்ப்பாய் பாதி சுருட்டப்பட்டிருந்தது. அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மலை ஏறி முடித்தவன் மாதிரி நின்றான்.

"மேல இருக்கான். நடுவுல."

"சரி." அவர் மூச்சு விடுவது கேட்டது. "ஓட விடாதே. குதிக்க விடாதே. உள்ள வெந்து வெறும் கூடா இருக்கும். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. கால் வச்சா இறங்கிடும். கம்பியை உருவித் தொட்டுப் பாரு. பத்து எண்ணுற வரைக்கும் பிடிக்க முடிஞ்சா பயமில்ல. அஞ்சு எண்ண முடிஞ்சா தண்ணிய வச்சுக்கிட்டுப் பிரிக்கலாம். பிடிக்கவே முடியலன்னா யாரும் பிரிக்கக் கூடாது. காத்து உள்ள போச்சுன்னா பத்திக்கும். ஃபயர் சர்வீசைக் கூப்பிட்டுடுங்க."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. 

"வியாழக்கிழமை நீங்க எவ்ளோ எண்ணுனீங்க ஐயா?"

"நாலு."

போனை ஸ்பீக்கரில் போட்டு, கட் பண்ணாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

ஆபீஸிலிருந்து நாலாவது போருக்கு நடந்தால் மூன்று நிமிஷம். அன்றைக்கு அந்த மூன்று நிமிஷமும் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போயிற்று. எடை மேடையில் மேலாளர் கண்ணாடி டீ தம்ளரோடு நின்றார்.

"என்னம்மா, காலங்காத்தால ஓட்டப்பந்தயமா?"

"சார், நாலு காயுது!"

"தெரியுமே. நீதானே சொன்னே?"

"அந்தக் காயுது இல்ல சார்!"

"வேற எந்தக் காயுது?"

"காய்ச்சல் சார்! காய்ச்சல்!"

"காய்ச்சல்னா வீட்டுல படுக்க வேண்டியதுதானே, எதுக்கு ஓடுற?"

நிற்காமல் ஓடினேன். பத்தடி போனபிறகு பின்னால் தம்ளர் உடையும் சத்தம் கேட்டது. அவருக்கும் புரிந்துவிட்டது.

போரை நெருங்கியபோது முதலில் வந்தது வாசனைதான். சர்க்கரைப் பாகு அடிப்பிடிக்க ஆரம்பிக்கும்போது வருமே, அந்த வாசனை. கெட்ட வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. காலையில் வேலைக்கு வந்த எல்லோரும் அதை மோந்திருப்பார்கள். எங்கேயோ யாரோ ஏதோ இனிப்பாகச் சமைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போயிருப்பார்கள். போரின் முதுகில் மெல்லிசாக வெள்ளையாக ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது. பனி என்று சொல்லலாம். ஆனால் மற்ற ஏழு போர்களின் முதுகிலும் அது இல்லை.

"அண்ணா!"

"வாங்க டாக்டர், வாங்க. நோயாளியைப் பாக்க நேர்லயே வந்துட்டீங்களா?"

"அண்ணா, அசையாதே!"

"என்னது?"

"அசையாதேன்னேன்! நிக்கிற இடத்துலயே நில்லு!"

"போட்டோ எடுக்கப் போறியா?" அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டான். அப்போதுதான் பார்த்தேன், அவன் காலில் பூட்ஸ் இல்லை. பூட்ஸ் இரண்டும் போரின் ஓரத்தில், ஏணிக்குப் பக்கத்தில் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன.

"பூட்ஸை ஏன் கழட்டின?"

"சும்மாதான். ஏறும்போதே கால் ஈரம். இங்க வெதுவெதுன்னு இதமா இருக்கு. நீயும் ஏறி வாயேன், முட்டிவலிக்கு நல்லது."

 பையிலிருந்து போர்க்காரரின் குரல் வந்தது. "என்ன சொல்றான்?" "கால் வெதுவெதுன்னு இருக்காம்" என்றேன். "கம்பியை உருவு" என்றார்.

கம்பி பக்கவாட்டில், என் தோள் உயரத்தில் சொருகியிருந்தது. இரண்டு ஆள் நீளம். கையுறையோடு பிடித்து உருவினேன். முதலில் வெளிறிய வைக்கோல் ஒட்டிக்கொண்டு வந்தது, அப்புறம் பழுப்பு, அப்புறம் காப்பித்தூள் நிறம். நுனி வெளியே வரும்போது சுருளாக ஓர் ஆவி கூடவே வந்தது. கையுறையைக் கழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு நுனியைப் பிடித்தேன்.

ஒண்ணு என்று வாயால் சொல்ல ஆரம்பித்தேன். 'ஒ' வரைதான் வந்தது.

கம்பி கீழே விழுந்து ஜல்லியில் நாலைந்து தடவை துள்ளியது. உள்ளங்கையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

"எத்தனை?" என்றது பை.

"ஒண்ணுகூட முடியல ஐயா."

"அப்போ அவன் நிக்கிறது கூரைமேல. அந்தக் கூரைக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

மேலே அண்ணன் தார்ப்பாயின் அடுத்த கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். "அண்ணா, வேணாம்! உள்ள வெந்துட்டு இருக்கு! இறங்கு... இல்ல, இறங்காதே! அப்படியே நில்லு!"

"ஏதாவது ஒண்ணைச் சொல்லு. இறங்கவா, நிக்கவா?" என்று சிரித்தான். "நீதான நாலு காஞ்சிடுச்சுன்னு வீட்டுல வந்து பெருமையா சொன்ன? டாக்டர் எழுதிக் குடுத்தா தப்பே இருக்காதேன்னு நானும் ஏறிட்டேன்."

அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவன். நான் சொல்லி அவன் எதையும் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. நான் சொல்வது தப்பாக இருப்பதில்லை என்பதுதான் அவனுக்கு எரிச்சல். கணக்கு, தேதி, வழி, யார் எப்போது என்ன சொன்னார்கள் எல்லாவற்றிலும் நான்தான் சரி. தப்பாக இருந்தாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை. கடிகாரம் தப்பு என்பேன். எங்கள் வீட்டில் இது ஒரு பழைய விளையாட்டு. "நீ உன் வாயால என்னிக்காவது 'என் தப்பு'ன்னு சொல்லு, அன்னிக்கு நான் மீசையை எடுத்துடறேன்" என்று அவன் சொல்லிப் பத்து வருஷம் இருக்கும். மீசை அப்படியேதான் இருந்தது. அண்ணிகூட, "உங்க தங்கச்சி புண்ணியத்துல இந்த மீசை நரைக்காம போகாது" என்பாள்.

"அண்ணா," என்றேன். கத்த முடியவில்லை.  "காயுதுன்னா காஞ்சிடுச்சுன்னு நெனச்சுட்டேன். அவர் சூடா இருக்குன்னு சொல்லியிருக்கார். நான் தப்பா எழுதிட்டேன்."

அவன் கை கயிற்றில் நின்றது.

"என்ன சொன்ன?"

"என் தப்பு."

அவன் நிமிரவில்லை. குனிந்தபடியே என்னைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு போவதை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்க்க முடிந்தது. கம்பி, ஆவி, என் கத்தல் எதுவும் செய்யாததை அந்த இரண்டு வார்த்தை செய்துவிட்டது. இவள் தப்பு என்று சொல்கிறாள் என்றால் நிலைமை உண்மையிலேயே மோசம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன்னையறியாமல் ஒரு விரலால் மீசையைத் தொட்டுக்கொண்டான்.

"சரி," என்றான். குரல் மாறியிருந்தது. "என்ன பண்ணணும், சொல்லு."

"அகலமான பலகை வேணும்," என்றது என் சட்டைப் பை. "ரெண்டு. பாரம் ஒரே இடத்துல விழக் கூடாது. படுத்துக்கிட்டே ஓரத்துக்கு வரணும். ஓரம் கெட்டியா இருக்கும், ஈரம் நடுவுலதான்."

பலகைக்கு எங்களிடம் என்ன குறை? திரும்பினால் அண்ணி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தாள். பலகைப் பிரிவில் அறுக்கிற மெஷினில் அவளுக்கு வேலை. என் கத்தல் அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது. முகக்கவசம் கழுத்தில் தொங்க, தலையெல்லாம் வைக்கோல் தூளோடு ஓடி வந்தவள், மேலே புருஷனைப் பார்த்தாள், கீழே கிடந்த கம்பியைப் பார்த்தாள்.  வந்த வழியே திரும்பி ஓடினாள். மேலாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"சார், ஃபயர் சர்வீசைக் கூப்பிடுங்க."

அவர் போனை எடுத்தார். எடுத்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் மனசு தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சின்னப் புகைக்கு ஃபயர் சர்வீஸ் வந்து எட்டுப் போரையும் நனைத்துவிட்டுப் போனது. நாற்பது நாள் ஆலை நின்றது. "பொறும்மா, முதல்ல அவன் இறங்கட்டும், அப்புறம் நாமளே தண்ணி..."

"சார்." அண்ணி இரண்டு பலகைகளின் முன்பக்கத்தையும் பிரிவிலிருந்து வந்த இன்னொருத்தி பின்பக்கத்தையும் பிடித்திருந்தார்கள். அண்ணியின் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "நம்பர் தெரியலையா? நான் போட்டுத் தரட்டுமா?"

அவர் நம்பரைப் போட்டார். எதிர்ப்பக்கத்தில் கேட்ட கேள்விகளுக்கு வார்த்தை வார்த்தையாகப் பதில் சொன்னார். இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

ஏணியில் யார் ஏறுவது என்று எனக்கும் அண்ணிக்கும் ஒரு சண்டை வந்தது.

"நீ தள்ளு. என் புருஷன், நான் போறேன்."

"அண்ணி, நான் லேசு. நீங்க கொஞ்சம்..."

"சொல்லு. குண்டுன்னு சொல்லு. இந்த நேரத்துலயும் நீதான் கரெக்ட்."

"அண்ணி, ப்ளீஸ்."

அவள் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெற்றியை அதன் இரும்பில் வைத்துக்கொண்டாள். அதுவே சம்மதம்.

ஏறினேன். வெந்த உள்ளங்கை ஒவ்வொரு படியிலும் கத்தியது. மேலே போனதும் காற்று வேறு மாதிரி இருந்தது, மூடிய சமையலறை மாதிரி. அண்ணனின் பூட்ஸ் இரண்டும் மூக்கை எனக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எனக்கும் அவனுக்கும் நடுவில் எட்டுக் கட்டுகள். எட்டும் பார்ப்பதற்கு மற்றவை மாதிரியே மஞ்சளாக, கயிற்றுக்கட்டு குலையாமல் இருந்தன. நாலாவது கட்டு மட்டும், யாரோ உட்கார்ந்து எழுந்து போன மெத்தை மாதிரி கொஞ்சம் குழிந்திருந்தது. அதன் இடுக்கிலிருந்துதான் அந்த வெள்ளை வந்துகொண்டிருந்தது.

"இப்படித்தான் வந்தேன்," என்றான் அண்ணன். "அது மேலதான் கால் வச்சு வந்தேன்."

"பேசாதே."

"அப்போ இவ்ளோ குழி இல்ல."

"பேசாதேன்னேன்ல?"

மேலாளர் கீழேயிருந்து நீட்ட, அண்ணி ஏணியில் பாதி ஏறிப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் தூக்கிக் கொடுத்தாள். இழுத்து முதல் பலகையைக் கட்டுகள்மேல் படுக்கப் போட்டேன். அதன்மேல் நான் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டாவதை வாங்கி, எனக்கு முன்னால் தள்ளினேன். குழிந்த கட்டின்மேல் அது பாலம் மாதிரி போய் நின்றது. அதன் மறுமுனை அண்ணனின் காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. இன்னும் தள்ள என் கை எட்டவில்லை.

பலகைக்குக் கன்னத்தைக் கொடுத்துப் படுத்திருந்தேன். பலகையில் அண்ணி அடித்த பென்சில் கோடு என் கண்ணுக்கு நேரே ஓடியது. இதுவும் வைக்கோல். கீழே வெந்துகொண்டிருப்பதும் அதே வைக்கோல். ஒன்றைச் சரியான சூட்டில் அழுத்தினார்கள், இன்னொன்றைச் சும்மா விட்டுவிட்டார்கள். எனக்கும் அதற்கும் நடுவில் இந்த ஒரு விரல் தடிமன்தான்.

"பலகைமேல கையை வச்சு மெதுவாப் படு," என்றேன்.

"நீ பின்னால போ முதல்ல."

"அண்ணா, படு."

"ரெண்டு பேரைத் தாங்காது. நீ ஓரத்துக்குப் போ, நான் வரேன்."

"நான் இந்த முனையைப் பிடிக்கலன்னா பலகை திரும்பிடும். சொன்னா கேளு. ஒரே ஒரு தடவை."

அவன் மண்டியிட்டான். மண்டியிட்டதும் அவன் நின்ற இடத்தில் 'பொசுக்' என்று ஒரு சத்தம், பழைய ரொட்டியின் மேல்தோல் உடைவது போல. அவன் வலதுகால் கணுக்கால்வரை இறங்கியது. இழுத்துக்கொண்டான். பாதம் கறுப்பாக இருந்தது. அவன் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மார்பைப் பலகையின்மேல் கொடுத்தான். பலகை நடுவில் வளைந்தது. கீழேயிருந்து யாரோ நீளமாக மூச்சு விடுவது போல ஏதோ இறங்கும் சத்தம் கேட்டது. வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது சாம்பல் நிறமாக மாறியது.

"அவர் தெரியுறாரா? பேசுறாரா?" என்று கீழேயிருந்து அண்ணி கேட்டாள். மேலாளர் அவளிடம் ஏதோ சொன்னார். அவள், "நீங்க ஏணியைப் பிடிங்க சார்" என்றாள்.

அண்ணன் முழங்கையால் ஊர்ந்தான். ஒரு முழம். இன்னொரு அரை முழம். அவன் மீசையில் வைக்கோல் தூளும் வியர்வையும் ஒட்டியிருந்தன. என் இரண்டு கையும் பலகையின் முனையை அமுக்கிக்கொண்டிருந்தன, ஒன்று நன்றாகவும் ஒன்று எரிந்துகொண்டும். எந்தக் கையை எடுத்தாலும் பலகை திரும்பும். அவன் வலதுகையை நீட்டினான். விரல் நுனிக்கும் என் மணிக்கட்டுக்கும் நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் இருந்தது. பலகை இன்னும் கொஞ்சம் வளைந்தது.

என் மார்புக்கும் பலகைக்கும் நடுவில் அமுங்கிக் கிடந்த போன் அப்போது பேசியது. குரல் பலகைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அண்ணன்கூட ஒரு நொடி ஊர்வதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"பொண்ணு, என்ன ஆச்சு? எனக்கு ரெண்டு கண்ணுலயும் கட்டுப் போட்டிருக்காங்க. சத்தம் மட்டும்தான் கேக்குது. அவன் எங்க இருக்கான், நீ எங்க இருக்க, புகை என்ன நிறம்... சொல்லும்மா. ஒரே வார்த்தையில சொல்லிடாதே. முழுசாச் சொல்லு."